தூண்டில் நரம்பும் ரீலும்: தேர்வும் சுற்றுமுறையும்

மீன்பிடி ரீல் என்பது நரம்பைச் சேமித்து வைக்கும் உருளையாகவும், எறியும்போது அதைத் தடையின்றி விடுவிக்கும் வாயிலாகவும், மீன் இழுக்கும்போது அளவறிந்து விட்டுக்கொடுக்கும் தடுப்பாகவும் ஒருங்கே பணியாற்றும் கருவியாகும். இம்மூன்று பணிகளும் நரம்பின் வழியாகவே நிகழ்வதால், ரீலில் ஏறியிருக்கும் நரம்பு எத்தகையது, அது எவ்வாறு ஏற்றப்பட்டது என்னும் இரண்டும் ரீலின் பற்சக்கரங்களுக்கு நிகரான முக்கியத்துவம் உடையவை. கடையில் நரம்பு வாங்குவது ஒரு வேலை, வீட்டில் அதைச் சுற்றுவது மற்றொரு வேலை என்று பிரித்துப் பார்ப்பதே பொதுவழக்கம். ஆயினும் ஒரு நரம்பு எவ்வளவு நீளும், எவ்வளவு வழுக்கும், தான் சுருண்டு கிடந்த வடிவத்தை எவ்வளவு காலம் விடாமல் பற்றியிருக்கும் என்னும் இயல்புகளே அதைச் சுற்றும் முறையை முடிவு செய்கின்றன என்பதும், உறையில் அச்சிட்ட வலிமை எண்ணில் எத்தனை பங்கு மீன் மாட்டும் வேளையில் மிஞ்சும் என்பதைச் சுற்றுமுறை பெருமளவு தீர்மானிக்கிறது என்பதும் இவ்வுரை நிறுவ முனையும் கருத்துகள்.

இங்கே நரம்பு என்பது தூண்டில் கோலோடு பயன்படும் எல்லா வகை இழைகளுக்கும் பொதுச்சொல்லாக ஆளப்படுகிறது. ஈழத்துக் கடற்கரையில் தங்கூசி என்று வழங்கும் நைலான் ஒற்றை இழையும், பல நுண்ணிழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நரம்பும் இதில் அடங்கும். ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை ஸ்பூல் எனவும், கடையிலிருந்து நரம்பு சுற்றி வரும் உருளை விற்பனை உருளை எனவும் குறிக்கப்படும்.

இருவகை ரீல்கள்

தென் சோங் காலத்துச் சீன ஓவியர் மா யுவான் ஏறத்தாழ 1195இல் வரைந்த ஓவியம் ஒன்றில், படகில் அமர்ந்து தூண்டில் இடும் ஒருவரின் கோலில் ரீல் காணப்படுகிறது. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டு முதல் ரீலைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. இந்தப் பழைய ரீல்கள் அனைத்திலும் ஸ்பூலின் அச்சு கோலுக்குக் குறுக்காக அமைந்திருந்தது. நரம்பு வெளியேறும்போதும் உள்ளே வரும்போதும் ஸ்பூலே சுழன்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்னும் கடிகாரத் தொழிலாளர், கைப்பிடியை ஒருமுறை திருப்பினால் ஸ்பூல் பலமுறை சுழலும் வண்ணம் பற்சக்கரம் பொருத்தி இவ்வகையை மேம்படுத்தினார். இன்று பெய்ட்காஸ்டிங் ரீல் என்றும், ஆழ்கடலுக்கான வலுவான வடிவில் மல்டிபிளையர் என்றும் வழங்குவன இந்த மரபில் வந்தவையே.

சுழலும் ஸ்பூலுக்கு ஒரு குறை உண்டு. எறியப்படும் இரை ஸ்பூலின் நிலைமத்தை வென்று அதைச் சுழற்றியாக வேண்டும் என்பதால், எடை குறைந்த இரையைத் தொலைவில் எறிவது கடினம். இரை வேகம் குன்றிய பின்னும் ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுழன்றால், வெளியேற வழியின்றி நரம்பு உள்ளுக்குள்ளேயே குவிந்து சிக்காகிவிடும். இக்குறையைத் தீர்க்க ஸ்காட்லாந்தின் பெர்த் நகரைச் சேர்ந்த பீட்டர் மலாக், எறியும்போது மட்டும் ஸ்பூலைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் முகப்பு வழியாக நரம்பை நழுவ விடும் ரீலுக்கு 1884இல் காப்புரிமை பெற்றார். ஆனால் முகப்பு வழியாக வெளியேறிய நரம்பு ஸ்பூலின் சுழற்சியால் உள்ளே சுற்றப்பட்டதால், ஒவ்வோர் எறிதலிலும் நரம்பில் முறுக்கு ஏறியது.

இதற்கு விடை நெசவாலையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கம்பளித் தொழில் நகரான பிராட்ஃபோர்டில் ஆலை உரிமையாளராக இருந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், அசையாத நூற்கட்டையின் முனை வழியாக நூல் தடையின்றி நழுவிச் செல்லும் ஆலை ஏற்பாட்டை ரீலுக்குக் கொண்டுவந்து 1905இல் காப்புரிமை பெற்றார். ஸ்பூல் கோலுக்கு இணையான அச்சில் அசையாமல் நிற்க, அதைச் சுற்றி வரும் ஓர் உறுப்பு நரம்பைச் சுற்றும் இந்த அமைப்பே இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் ஸ்பின்னிங் ரீல். சுற்றி வரும் உறுப்பு ரோட்டர் எனவும், நரம்பைப் பிடித்து வழிநடத்தும் வளைகம்பி பெயில் எனவும், நரம்பு உராயாமல் திரும்பும் சிறு உருளி லைன் ரோலர் எனவும் பெயர் பெறும்.

நரம்பின் மூலப்பொருள்கள்

நைலான் வருவதற்கு முன் நரம்பாகப் பயன்பட்டவை குதிரைவால் மயிர், பட்டு, லினன் ஆகியவை. கொக்கியை ஒட்டிய கடைசிப் பகுதிக்குப் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியைப் புளிக்காடியில் ஊறவைத்து, இழுத்து நீட்டி உலர்த்திய இழை பயன்பட்டது. ஸ்பெயினின் முர்சியா பகுதி இத்தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்தது. பட்டும் லினனும் ஈரத்தில் மக்குபவை என்பதால், ஒவ்வொரு நாளும் மீன்பிடித்து முடித்ததும் நரம்பை ரீலிலிருந்து முழுவதும் இறக்கிக் காயவைப்பது கட்டாயமாக இருந்தது. நரம்பைச் சுற்றுவது அந்நாளில் ஆண்டுக்கொருமுறை செய்யும் வேலையன்று, அன்றாட வேலை.

அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் ஆய்வுக் குழு 1935இல் நைலானை உருவாக்கியது. 1938இல் அது பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நைலான் பாராசூட் போன்ற படைத்தேவைகளுக்குத் திருப்பிவிடப்பட்டதால், மீன்பிடிப்பில் அது வேரூன்றியது போருக்குப் பின்னரே. நைலான் ஒற்றை இழை மலிவானது, வழவழப்பானது, பாறை உராய்வை ஓரளவு தாங்குவது. அறுபடும் நிலையை நெருங்கும்போது தன் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நீளக்கூடியது என்பதால், பெருமீன் திடீரெனத் திமிறும் அதிர்ச்சியை அது தானே உள்வாங்கிக்கொள்கிறது. அதே நீட்சியால், தொலைவிலுள்ள கொக்கியை மீனின் வாயில் அழுத்திப் பதிப்பது கடினமாகிறது. நைலானுக்கு வேறு மூன்று இயல்புகளும் உண்டு: அது நீரை உறிஞ்சி வலிமையில் ஒரு பங்கை இழக்கிறது, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரால் நலிகிறது, சுருண்ட நிலையில் நெடுநாள் கிடந்தால் அச்சுருளையே தன் வடிவமாக்கிக்கொள்கிறது. கடைசியாகச் சொன்னது சுருள் நினைவு எனப்படும்.

இரண்டாவது வகை ஃப்ளோரோகார்பன். பாலிவினைலிடின் ஃப்ளோரைடு என்னும் வேதிப்பொருளால் ஆன இந்நரம்பை ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒளி ஒரு பொருளுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு ஏறத்தாழ 1.53. நீரின் எண்ணுக்கு அருகில் இருப்பதால் ஃப்ளோரோகார்பன் நீருக்குள் குறைவாகவே கண்ணில் படுகிறது. அதன் ஒப்படர்த்தி 1.78 அளவில் இருப்பதால் விரைந்து மூழ்குகிறது. நீரை உறிஞ்சுவதும் இல்லை எனலாம். ஆனால் அது விறைப்பானது. தடித்த ஃப்ளோரோகார்பனை ஸ்பின்னிங் ரீலில் நிறைத்தால், பெயிலைத் திறந்த கணமே சுருள்கள் தாமாகத் துள்ளி வெளியேறும். ஆகவே அதை ஸ்பூல் முழுவதும் நிறைப்பதைவிட, முதன்மை நரம்புக்கும் கொக்கிக்கும் இடையே இணைக்கும் குறுகிய துண்டாக, அதாவது லீடராகப் பயன்படுத்துவதே பெருவழக்கு.

மூன்றாவது வகை பின்னல் நரம்பு. நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் 1970களின் இறுதியில் பால் ஸ்மித், பீட்டர் லெம்ஸ்ட்ரா ஆகியோர், மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீனைக் கூழ்நிலையில் இழையாக நூற்று, பின் பன்மடங்கு இழுத்து நீட்டும் முறையைக் கண்டறிந்தனர். மூலக்கூறுகள் அனைத்தும் இழையின் நீளவாக்கில் ஒழுங்குபடுவதால் அவ்விழைக்கு வியக்கத்தக்க வலிமை கிடைத்தது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்னும் வணிகப் பெயர்களில் வந்த இவ்விழைகளைப் பின்னிச் செய்த நரம்புகள் 1990களில் பரவின. இவை அறுபடும் நிலையிலும் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே நீளும்; ஒப்படர்த்தி 0.97 என்பதால் மிதக்கும், நீரை உறிஞ்சா, சுருள் நினைவும் ஏறத்தாழ இல்லை. குறைகளும் உண்டு: மேற்பரப்பு மிக வழுக்குவது, ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்குள்ளேயே உருகக்கூடியது என்பதால் உராய்வு வெப்பம் அதற்குப் பகை, கூரிய பாறையிலும் சிப்பியிலும் இழுபட்டால் நுண்ணிழைகள் ஒவ்வொன்றாக அறுபடும். கொடுவா, பாறை போன்ற மீன்களைக் கல்லும் சிப்பியும் நிறைந்த முகத்துவாரத்தில் தேடுவோர், பின்னல் நரம்பின் முனையில் தடித்த நைலான் அல்லது ஃப்ளோரோகார்பன் லீடரைக் கட்டுவதற்கு இதுவே காரணம்.

தடிமன், வலிமை, கொள்ளளவு

நரம்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைச் சார்ந்தது. பரப்போ விட்டத்தின் இருபடியைச் சார்ந்தது. அதனால் ஒரே பொருளால் ஆன நரம்பின் விட்டத்தை இரு மடங்காக்கினால் வலிமை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஸ்பூலில் அடங்கும் நீளமோ நான்கில் ஒன்றாகக் குறையும். ஸ்பூலில் பொறித்திருக்கும் கொள்ளளவை வேறு தடிமனுக்கு மாற்றிக் காணவும் இந்த விதி போதும். 0.30 மி.மீ. நரம்பு 150 மீட்டர் கொள்ளும் என்று பொறித்த ஸ்பூலில் 0.25 மி.மீ. நரம்பு எவ்வளவு கொள்ளும் என்பதை அறிய, 0.30இன் இருபடியை 0.25இன் இருபடியால் வகுத்து 150ஆல் பெருக்க வேண்டும். விடை 216 மீட்டர். அதே ஸ்பூலில் 0.40 மி.மீ. நரம்பு 84 மீட்டர் அளவே அடங்கும்.

20 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9 கிலோ, வலிமையுள்ள நைலான் 0.45 மி.மீ. அளவிலும், அதே வலிமையுள்ள பின்னல் நரம்பு 0.23 மி.மீ. அளவிலும் கிடைப்பதால், பின்னலுக்கு மாறுவோருக்கு அதே ஸ்பூலில் ஏறத்தாழ நான்கு மடங்கு நீளம் கிட்டுகிறது. ஆனால் பின்னல் நரம்பு உருண்டையாக இல்லாமல் ஸ்பூலில் தட்டையாகப் படிவதால், அதன் விட்டத்தை அளவுகோலால் துல்லியமாகச் சொல்ல இயலாது. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் இதனால் எடையை அடிப்படையாகக் கொண்ட பிஇ எண்ணைப் பயன்படுத்துகின்றனர். 9000 மீட்டர் இழையின் கிராம் எடை டெனியர் எனப்படும். 200 டெனியர் பின்னல் பிஇ 1 ஆகும், அதன் விட்டம் 0.165 மி.மீ. அளவில் கொள்ளப்படுகிறது. எண் நான்கு மடங்கானால் எடையும் பரப்பும் நான்கு மடங்காகும், விட்டம் இரு மடங்காகும். பிஇ 4 ஏறத்தாழ 0.33 மி.மீ. என்பது இக்கணக்கின்படியே.

வலிமை எண்ணைப் படிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. 1939இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொடங்கப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம், சாதனைகளை நரம்பின் வலிமை வகுப்புகளாகப் பிரித்துப் பதிவு செய்கிறது. சாதனைக்கு அனுப்பப்படும் நரம்புத் துண்டை நீரில் ஊறவைத்த பிறகே சோதிக்கிறது. நைலானின் உலர் வலிமையும் ஈர வலிமையும் ஒன்றல்ல என்பதால் இந்த ஏற்பாடு. உறையில் உள்ள எண் பெரும்பாலும் முடிச்சு இல்லாத, வெயில் படாத புது நரம்பின் எண்ணாகும். மீன் இழுப்பதோ ஈரமான, முடிச்சுள்ள, பழகிய நரம்பை.

முறுக்கு

ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுற்றுவதன் மையச் சிக்கல் முறுக்கு. அசையாத உருளையின் முனை வழியாக ஒரு சுருளை நழுவவிட்டால், அந்நரம்பில் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. ரோட்டர் ஒருமுறை சுற்றி ஒரு சுருளை இடும்போது எதிர்த்திசையில் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. சராசரி விட்டம் 45 மி.மீ. உள்ள ஸ்பூலில் ஒரு சுற்றின் நீளம் 141 மி.மீ.; 150 மீட்டர் நரம்பு ஏறத்தாழ 1060 சுற்றுகளாகப் படிகிறது. ரோட்டர் இடும் 1060 முறுக்குகளும் நரம்பு முழுவதையும் எறிந்தால் கழிந்துவிடும் என்பதால், எறிதலும் இழுத்தலும் மட்டுமே நடக்கும் வரை வரவும் செலவும் நேராகின்றன. இல்லிங்வொர்த்தின் அமைப்பு மலாக்கின் அமைப்பை வென்றதும் இக்காரணத்தாலேயே.

கணக்கு நேராகாமல் போகும் இடங்கள் மூன்று. முதலாவது, விற்பனை உருளையிலிருந்து நரம்பு வரும் முறை. அவ்வுருளையை ஒரு பென்சிலில் கோத்துச் சுழல விட்டால், அது தன் பங்காக முறுக்கு எதையும் சேர்ப்பதில்லை. ரோட்டரின் முறுக்கு மட்டும் ஸ்பூலில் ஏறி, எறியும்போது கழிகிறது. அவ்வுருளையைத் தரையில் படுக்க வைத்து, அதன் முகப்பு வழியாக நரம்பு நழுவி வரச் செய்தால் அதுவும் ஒரு முறுக்கைச் சேர்க்கிறது. அதன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதைப் பொறுத்து, அம்முறுக்கு ரோட்டரின் முறுக்கோடு கூடவும் செய்யும், கழியவும் செய்யும். முதல் முறையில் நரம்பு நீரில் இருக்கும்போது முறுக்கின்றி இருக்கிறது. கழியுமாறு படுக்க வைத்த இரண்டாம் முறையில் ஸ்பூலில் இருக்கும்போது முறுக்கின்றி இருக்கிறது. சுருள் நினைவுள்ள நைலான் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ஸ்பூலிலேயே கழித்து அங்கேயே வடிவம் பெறுவதால், தயாரிப்பாளர்கள் பலர் உருளையைப் படுக்க வைக்கும் முறையைப் பரிந்துரைப்பதில் நியாயம் உண்டு. சுருள் நினைவற்ற பின்னல் நரம்புக்கு உருளையைக் கோத்துச் சுழல விடுவதே எளிது, இறுக்கமாகச் சுற்றவும் அதுவே வசதி.

எந்த முறையானாலும் தீர்ப்பு வழங்குவது சோதனையே. இருபது சுற்று அளவு ஏற்றியதும் நிறுத்தி, உருளைக்கும் கோலுக்கும் இடையிலுள்ள நரம்பைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அது நெகிழ்ந்து தொங்கினால் தொடரலாம். தானாகச் சுருண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால், விற்பனை உருளையின் மறுபக்கம் மேலே வருமாறு திருப்பி வைத்து மீண்டும் தொடங்க வேண்டும். சுழலும் ஸ்பூல் கொண்ட ரீலுக்கு இக்குழப்பம் இல்லை. அங்கே விற்பனை உருளையும் சுழல வேண்டும், இரண்டும் ஒரே திசையில் சுழலுமாறு பிடித்தால் நரம்பு தன் பழைய வளைவுக்கு முரணாக வளைவதும் தவிர்க்கப்படும்.

முறுக்கு சேரும் இரண்டாவது இடம் டிராக். ஒரு வரம்பைத் தாண்டி இழுவிசை எழுந்தால் ஸ்பூலை வழுக்கிச் சுழல விட்டு நரம்பை விட்டுக்கொடுக்கும் உராய்வுத் தடுப்பே டிராக். மீன் டிராக்கை இழுத்துச் செல்லும்போது ஸ்பூல் சுழன்று நரம்பு வெளியேறுவதால், ரோட்டர் முன்பு இட்ட முறுக்கு கழியாமல் நரம்போடே போகிறது. திரும்பச் சுற்றும்போது ரோட்டர் இன்னொரு முறுக்கை மேலே ஏற்றுகிறது. இதைவிடத் தீங்கானது, மீன் நரம்பை இழுத்துக்கொண்டிருக்கும்போதே பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றுவது. பற்சக்கர விகிதம் ஐந்துக்கு ஒன்று உள்ள ரீலில், அவ்வேளை பத்து முறை கைப்பிடியைச் சுற்றினால் ஐம்பது முறுக்குகள் ஏறும், ஒரு சாண் நரம்பும் உள்ளே வராது. டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைத் தொடாமல், கோலை உயர்த்தி மீனை அருகிழுத்து, பின் கோலைத் தாழ்த்தும்போது கிடைக்கும் தளர்ச்சியில் மட்டும் சுற்றுவது இதனாலேயே முறையாயிற்று. மூன்றாவது இடம், சுழன்று வரும் செயற்கை இரை. அதற்கு முன்னே இருபுறமும் தனித்துச் சுழலும் ஸ்விவல் என்னும் இணைப்பி ஒன்றைக் கட்டுவதே தீர்வு. இத்தனைக்கும் பின் முறுக்கு சேர்ந்துவிட்டால், முனையில் எதையும் கட்டாமல் வெறும் நரம்பை ஓடும் படகின் பின்னே நீரில் இழுபடவிட்டு, சற்று நேரம் கழித்துச் சுற்றினால் அது தானாக அவிழும்.

சுற்றும் முறை

முதலில் நரம்பைப் பெயில் கம்பிக்கு அடியில் நுழைத்து, அல்லது பெயிலைத் திறந்து வைத்து, ஸ்பூலின் அடித்தண்டில் நழுவும் முடிச்சாகக் கட்டி இறுக்க வேண்டும். பெயில் மூடியிருக்கும்போது அதற்கு வெளியே கட்டிவிட்டு, ரோட்டர் சுற்றியும் நரம்பு ஏறவில்லையே என்று திகைப்பது புதியோர் அனைவருக்கும் நேர்வது. நைலான் தண்டைப் பற்றிக்கொள்ளும். பின்னல் நரம்பு வழவழப்பான உலோகத் தண்டைப் பற்றாது. முடிச்சு எவ்வளவு இறுகியிருந்தாலும், பெருமீன் இழுக்கும்போது நரம்புத் தொகுதி முழுவதும் தண்டின் மேல் வழுக்கிச் சுழலும். டிராக் பழுதாகிவிட்டது போலத் தோன்றும் இக்குறைக்குக் காரணம் அடிச்சுற்று இல்லாமையே. ஆகவே பின்னலுக்கு முன் சில மீட்டர் நைலானைச் சுற்றி, அதோடு பின்னலை இணைப்பது வழக்கம்; தண்டில் சிறிது ஒட்டுநாடா சுற்றுவதும் உண்டு.

அடிச்சுற்றுக்கு இன்னொரு பயனும் உண்டு. பின்னல் நரம்பு விலையுயர்ந்தது. 150 மீட்டர் மட்டுமே வாங்கினால் பெரிய ஸ்பூல் நிறையாது. எஞ்சும் இடத்தை மலிவான நைலானால் எத்தனை மீட்டர் நிரப்ப வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை: முதலில் பின்னலைச் சுற்றி, அதன் மேல் நைலானை நிறையும் வரை ஏற்றி, பின் முழுவதையும் வேறோர் உருளைக்கு மாற்றி, அதிலிருந்து மற்றோர் உருளைக்கு மாற்றி, அங்கிருந்து ரீலில் ஏற்றினால் நைலான் அடியிலும் பின்னல் மேலிலும் சரியாக விளிம்பு வரை அமையும்.

சுற்றும் இறுக்கத்தில் நைலானும் பின்னலும் முற்றிலும் மாறுபடுகின்றன. பின்னலைத் தளர்வாகச் சுற்றினால், பெருமீன் இழுக்கும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கிடையே ஆப்பாகப் புதைந்துவிடும். அடுத்த எறிதலில் நரம்பு அங்கேயே நின்று, இரை அறுந்து பறக்கும். ஆகவே ஈரத்துணியால் நரம்பை அழுத்திப் பிடித்து, விரலால் அமுக்கினால் குழியாத அளவுக்கு இறுக்கிச் சுற்ற வேண்டும். ஈரம் உராய்வு வெப்பத்தையும் தணிக்கும். நைலானுக்கு அவ்வளவு இறுக்கம் ஆகாது. நீண்ட நிலையில் சுற்றப்பட்ட நைலான் ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் சுருங்க முயல்வதால், ஆயிரம் சுற்றுகளின் சுருக்கமும் ஒன்றுசேர்ந்து ஸ்பூலின் தண்டை நசுக்கும். விளிம்புகள் விரிந்து வளைவதும் உண்டு. விரல்களுக்கிடையே மெல்லப் பிடித்தபடி, சீராகச் சுற்றுவதே அதற்குப் போதும்.

எவ்வளவு நிறைப்பது என்பதற்கும் அளவுண்டு. ஸ்பூலின் முன்விளிம்புக்கு 2 முதல் 3 மி.மீ. கீழே நிறுத்துவது பொதுவிதி. அதற்கும் தாழ்ந்தால், ஒவ்வொரு சுருளும் உயர்ந்த விளிம்பின் மேல் உரசி ஏற வேண்டியிருப்பதால் எறிதொலைவு குறையும். விளிம்பு வரை நிறைத்தால், ஒரு சுருள் வெளியேறும்போது பின்னுள்ள பல சுருள்களையும் உடன் இழுத்துச் சென்று கோலின் வளையத்தில் சிக்கும். விறைப்பான, தடித்த நரம்புக்கு இடைவெளி சற்று மிகுதியாகவும், மென்மையான பின்னலுக்குச் சற்றுக் குறைவாகவும் விடலாம். ஸ்பூலின் ஒரு முனையில் நரம்பு மேடிட்டு மறுமுனையில் பள்ளமாகப் படிந்தால், ஸ்பூலுக்கு அடியில் உள்ள மெல்லிய வட்டத்தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ அதைச் சமன்செய்ய முடியும்.

டிராக்கும் ஆரமும்

டிராக்கின் உராய்வு ஸ்பூலின் அச்சில் செயல்படுகிறது. மீனின் இழுப்போ நரம்பு படிந்திருக்கும் மேல்வட்டத்தில் செயல்படுகிறது. அதனால் ஸ்பூல் நிறைந்திருக்கும்போது அமைத்த டிராக், நரம்பு வெளியேறி ஆரம் குறையக் குறையத் தானாகவே கடினமாகிறது. ஆரம் 24 மி.மீ. இருக்கையில் 3 கிலோ விசைக்கு அமைத்த டிராக், ஆரம் 18 மி.மீ. ஆகும்போது 4 கிலோவும், 12 மி.மீ. ஆகும்போது 6 கிலோவும் கேட்கும். மீன் தொலைவில் இருக்கையில், நீரில் நெடிது கிடக்கும் நரம்பு படும் நீர்த்தடையும் இதனோடு சேர்கிறது.

நரம்பின் வலிமையில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையே டிராக்கை அமைக்க வேண்டும் என்ற மரபு எங்கிருந்து வருகிறது என்பதை இக்கணக்கு விளக்கும். 10 கிலோ என்று உறையில் அச்சிட்ட நைலானை எடுத்துக்கொள்ளலாம். ஈரத்தால் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எஞ்சுவது 9 கிலோ. முடிச்சு ஐந்தில் நான்கு பங்கு வலிமையைக் காத்தால் எஞ்சுவது 7.2 கிலோ. மூன்றில் ஒரு பங்கான 3.3 கிலோவுக்கு டிராக்கை அமைத்து, பாதி ஆரம் வரை நரம்பு வெளியேறினால் டிராக் 6.6 கிலோ கேட்கும். பத்துக்கு மூன்றே கேட்டதாகத் தோன்றிய ஏற்பாட்டில், இறுதியில் மிஞ்சும் பாதுகாப்பு அரைக் கிலோ அளவே. அடிச்சுற்றின்றிப் பாதி நிறைந்த ஸ்பூலோடு கடலுக்குச் செல்பவர் இந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதியைக் கரையிலேயே இழந்துவிடுகிறார். ஆரம் தொடக்கத்திலேயே சிறுத்திருப்பதால், வெளியேறும் ஒவ்வொரு மீட்டரும் டிராக்கை விரைந்து கடினமாக்கும். ஸ்பூலை நிறைப்பது எறிதொலைவுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. நீட்சியற்ற பின்னல் நரம்பில், அதிர்ச்சியை உள்வாங்கும் நீட்சி இல்லை என்பதால், டிராக் வழுக்கத் தொடங்கும் கணம் தடங்கலின்றி மென்மையாக இருப்பது இன்னும் இன்றியமையாதது. டிராக்கைக் கைமதிப்பில் விடாமல், நரம்பின் முனையில் வில்தராசு கட்டி, கோலின் வளையங்கள் வழியாக இழுத்து அளப்பதே தக்கது.

பேணலும் மாற்றலும்

கடலில் பயன்படுத்திய ரீலையும் நரம்பையும் நன்னீர்த் தூறலில் கழுவி நிழலில் உலர்த்துதல் வேண்டும். வெயில் விழும் சன்னலோரத்திலோ காரின் பின்கண்ணாடி அருகிலோ நைலானை வைத்திருந்தால் அது மீன் பிடிக்காமலேயே முதுமை அடையும். கொக்கியை ஒட்டிய முதல் சில மீட்டர்களே மிகுதியாகத் தேய்வதால், அவற்றை விரல்நகத்தால் வருடிப் பார்த்து, சொரசொரப்புத் தென்பட்டால் வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சிட வேண்டும். முடிச்சை இறுக்குமுன் நனைப்பது உராய்வு வெப்பத்தால் நரம்பு நலிவதைத் தடுக்கும். பின்னல் நரம்பை ஒரு பாதி தேய்ந்தபின் தலைகீழாகச் சுற்றி, அடியில் புதிதாகவே கிடந்த மறுபாதியைப் பயன்படுத்தலாம். லைன் ரோலரில் உப்புப் படிந்து அது சுழலாமல் நின்றுவிட்டால், அதன் மேல் உராயும் எந்த நரம்பும் தேயும் என்பதால், அதற்கு ஒரு துளி எண்ணெய் விடுவது புது நரம்பு வாங்குவதைவிட முந்திய வேலை.

கழித்த நரம்பைக் கரையில் எறிவது பெருந்தீங்கு. நைலானும் பாலிஎத்திலீனும் கடலில் எளிதில் மக்காதவை. பறவைகளின் கால்களிலும், தமிழகக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் துடுப்புகளிலும் அவை சுற்றிக்கொள்ளும். சிறு துண்டுகளாக வெட்டி, மூடிய குப்பைத்தொட்டியில் சேர்ப்பது மீன்பிடிப்போரின் கடமை.

தேர்வின் முறையான வரிசை இவ்வளவில் தெளிவாகும். தேடும் மீனும், நீரடியில் கல்லா மணலா என்பதும் முதலில் தீர்மானமாக வேண்டும். அவற்றிலிருந்து தேவையான இழுவிசையும், அதற்கேற்ற டிராக்கும், அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வலிமையுள்ள நரம்பும் பெறப்படும். அந்நரம்பின் தடிமனிலிருந்து ஸ்பூலின் அளவும், அதன் நீட்சி, வழுக்கல், சுருள் நினைவு ஆகியவற்றிலிருந்து அடிச்சுற்றும் இறுக்கமும் முறுக்கைக் கழிக்கும் வழியும் பெறப்படும். நடைமுறையில் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, உறையில் உள்ள எண்ணைப் பார்த்து நரம்பை வாங்கிவிட்டு, மற்றவற்றை அதற்குப் பின் தேடுகின்றனர். நீர் ஒரு பங்கையும், முடிச்சு ஒரு பங்கையும், வெயில் ஒரு பங்கையும், சிறுத்த ஆரம் ஒரு பங்கையும் அவ்வெண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. இவற்றுள் நீரை யாரும் தடுக்க இயலாது. மற்ற மூன்றும் நரம்பைக் கட்டுபவரின், பேணுபவரின், சுற்றுபவரின் கையில் உள்ளவை.